சொல்லாமல் அணைத்த விளக்கு

"இருட்டாக்கப் போறேன்!" என்று நைரி குரல் கொடுத்ததும் மேடையிலிருந்து, கேட்டாயிற்று என்பதற்கு அடையாளமாக, "தேங்க்ஸ்" என்று பதில் வந்தது. இரண்டு தடவை வந்தது. மேடையில் நின்றதோ பிப்பா ஒருத்திதான்.

பழைய நாடகக் கூடம், எதிரொலியாயிருக்கும் என்று நைரி தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். வெளியே டனீடன் நகரின் ஞாயிறு மத்தியானம். தகரக் கூரையில் தெற்கத்தி மழை விடாமல் அடித்துக்கொண்டிருக்க, கறுப்புத் துணியால் சன்னல்களையெல்லாம் மூடியிருந்த கூடத்துக்குள், சூடேறிய விளக்குகளில் தூசி கருகும் வாடையும் ஈரக் கம்பளி வாடையும் சேர்ந்து மூச்சை அடைத்தன. நாற்காலி வரிசைகளுக்குப் பின்னாலிருந்த கண்ணாடி அறையில், மேடை விளக்குகளை இயக்கும் லைட் போர்டின்முன் அவள் உட்கார்ந்திருந்தாள். நடிகர்கள் நிற்கப்போகும் இடங்களில் யாராவது நின்று கொடுத்தால்தான் வெளிச்சத்தைச் சரிபார்க்க முடியும். அதற்காகவே அறைத்தோழி பிப்பாவைக் கெஞ்சிக் கூட்டி வந்திருந்தாள்.

ஹெட்செட்டில் பிப்பா முனகினாள். "கால் மரத்துப்போச்சுடி. ராத்திரி சாப்பாடு உன் செலவு, சொல்லிட்டேன்."

"வாங்கித் தரேன். கொஞ்சம் இடது பக்கம் வா."

பிப்பா நகர்ந்தாள். எரிந்தது ஒரே விளக்கு. தரையில் இரண்டு நிழல்கள். ஒன்று பிப்பாவோடு நகர்ந்தது. மற்றது சற்றுத் தாமதித்து வந்தது.

"என் பின்னாடி யாரு மூச்சு விடறது? ரீஸா?"

இயக்குநர் ரீஸ் முன்வரிசையில் காலை நீட்டிக் கிடந்தான். நைரி வேலையை நிறுத்திவிட்டுப் பிப்பாவைக் கீழே கூப்பிட வாயெடுத்தாள். அதற்குள் ரீஸ் கத்தினான்.

"நாளைக்கு அரங்கேற்றம். நீ கூவி, அவ பதில் சொல்லி... விடிஞ்சிரும். பேசாம பட்டனை அமுத்து."

"பதில் வராம இருட்டாக்கக் கூடாது, ரீஸ்."

"இந்த வேலைக்கு உன்னைக் கூப்பிட்டேன் பாரு, என்னைச் சொல்லணும். இப்பவே வேற ஆளை வரச் சொல்லவா?"

ஒரு வருஷம் கேபிள் சுமந்து பிடித்த இடம் இது. ஆத்திரத்தோடு, குரல் கொடுக்காமலே அமுத்தினாள்.

இருட்டு.

மழைச் சத்தம் நின்றுபோயிருந்தது.

"பிப்பா?"



பதறி எல்லா விளக்குகளையும் ஒரேயடியாக ஏற்றினாள். மேடை பட்டப்பகலாக வெளுத்தது. பிப்பா நின்ற இடத்தில் அடையாளத்துக்கு ஒட்டிய மஞ்சள் நாடா மட்டும் இருந்தது. ரீஸ் எழுந்து நின்றான்.

ஹெட்செட் கரகரத்தது.

"போதும்டி நைரி. லைட்டைப் போடு." பிப்பாவேதான். "ஒண்ணுமே தெரியல. என் கையை யாரோ பிடிச்சிருக்காங்க. நீயா?"

"எரியுது பிப்பா. எல்லாமே எரியுது."

"விளையாடாதேடி. போடு. ப்ளீஸ்..."

ஆளில்லாத மேடையில், அத்தனை வெளிச்சத்திலும் அழியாமல், மஞ்சள் நாடாவிலிருந்து இரண்டு நிழல்கள் நீண்டு கிடந்தன. பெரியது சின்னதன் கையைப் பிடித்துக்கொண்டு திரைப்பக்கம் மெல்ல நடந்தது. சின்னது இன்னொரு கையைக் கண்ணாடி அறையை நோக்கி நீட்டியிருந்தது.