கொலைக்குக் கைதட்டுங்கள்!

போன் அடித்தது.

றொஷான் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. திரையைப் பார்த்தான்... ஒஸ்லோ பொலிஸ்!

பச்சைப் பொத்தானை அழுத்தினான்.

"ஹலோ..."

"றொஷான் அண்ணை, நான் கம்சாயினி. பொலிஸிலை இருந்து கதைக்கிறன்."

தேவாலயத்தில் பார்த்துப் பழகிய பெண்தான்.

"ஸ்டோவ்னர் கோபுரத்துக்குப் பக்கத்திலை ஒரு கையுறை கிடந்ததாம். முழுக்க ரத்தம். உங்கட விளையாட்டுச் சாமானோ?"

போன மூச்சு திரும்பி வந்தது.

"ஓம் ஓம்... எங்கடதான். அது பீற்றூட் சாறு, தங்கச்சி!"

"போன கிழமையும் இப்பிடித்தான். ஆத்திலை பிணமெண்டு ஓடிப்போய்ப் பொம்மையைத் தூக்கினனாங்கள். உங்கட விளம்பரத்துக்கு நாங்கள் சம்பளமில்லாமல் வேலை செய்யிறம்!"

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இண்டையோடை முடியுது."

போனை வைத்துவிட்டுச் சிரித்தான்.

சாறாவது, பீற்றூட்டாவது! கையுறை வின்சென்றுடையது. ரத்தமும் அவனுடையதே.

வின்சென்றும் றொஷானும் தொழில் கூட்டாளிகள். விரைவில் வெளிவரப்போகும் ஒரு வீடியோ கேமுக்கு விளம்பரம் செய்வது அவர்கள் வேலை. சுவரொட்டி ஒட்டுகிற பழைய விளம்பரம் இல்லை... ஒரு கதையைக் கட்டி ஊருக்குள் அவிழ்த்துவிடுவார்கள். மஞ்சள் கோட்டுப் போட்ட ஒரு மனிதர் காணாமல் போய்விட்டார். என்ன ஆனார்? துப்பு ரயில் இருக்கையின் அடியில் இருக்கும். நூலகப் புத்தகத்துக்குள் இருக்கும். திடீரென்று வரும் குறுஞ்செய்தியில் இருக்கும். ஆயிரக்கணக்கானோர் சோறு தண்ணீர் மறந்து தேடிக்கொண்டிருந்தார்கள்.

கதையை எழுதியவன் வின்சென்ற். மஞ்சள் கோட்டுக்காரராக நடித்தவனும் அவனே.

நேற்றுப் பின்னேரம். ஊரை மேலிருந்து பார்க்கக் கட்டிய அந்தக் கோபுரத்துக்குப் பின்னால் காட்டில் துப்பு ஒளிக்கப் போன இடத்தில் வின்சென்ற் கேட்டான்.

"விளையாடுற சனத்தின்ரை போன் நம்பர், விலாசம் எல்லாத்தையும் வித்துப்போட்டியாடா?"

"கத்தாதை..."

"எங்களை நம்பித் தந்தவங்களடா! நாளைக்கே பொலிஸுக்குச் சொல்லுவன்!"

றொஷான் தள்ளினான். தலை பாறையில் மோதியது. அவ்வளவுதான்!

பனியைத் தோண்டி மூடிவிட்டு வந்தான். காணாமல் போவதே வின்சென்றின் வேடம்... எது கிடைத்தாலும் விளையாட்டுச் சாமான்! இப்படி ஒரு வசதி எந்தக் கொலைகாரனுக்கு வாய்க்கும்? நாளைக் காலை விமானம். அதுவரை தப்பினால் போதும்.

ஆனால் இன்று ஸ்டோவ்னர் கடைத்தொகுதியில் நிறைவு விழா. தலை காட்டாவிட்டால் சந்தேகம் வரும். போனான்.

நுழைந்தவுடன் கூட்டம் திரும்பியது. அத்தனை போன்களும் அவன் முகத்துக்கு நேரே உயர்ந்தன.

முன்னால் நின்றாள் தர்மிகா. பல்கலைக்கழக மாணவி. ஒரு துப்பையும் தவறவிடாத தீவிர ஆட்டக்காரி.

"மஞ்சள் கோட்டுக்காரரைக் கொலை செய்தது நீங்கள்தான்!"

றொஷான் போன்களிலிருந்து முகத்தைத் திருப்பினான்.

"எ... என்ன கதைக்கிறீர்?"

"எங்களுக்கு எல்லாம் தெரியும். கூட்டாளியை ஏன் கொலை செய்தனீங்கள்?"

கூட்டாளி! பின்வாங்கினான். பின்னாலும் கூட்டம். ஒரு நோர்வேக் கிழவர் விரலை நீட்டி, "கொலைகாரா!" என்று தன் மொழியில் கத்தினார்.

"சொல்லுங்கோ! உடம்பு எங்கை?"

பிடித்துவிட்டார்கள்... எல்லாம் போச்சு!

"வேணுமெண்டு செய்யேல்லை! தள்ளினனான்... பாறையிலை விழுந்திட்டான். கோபுரத்துக்குப் பின்னாலை, முறிஞ்ச மரத்துக்குக் கீழை, பனிக்குள்ளை கிடக்கிறான்... என்னை விட்டிடுங்கோ!"



பிறகு... கைதட்டல்! விசில்!

"ஷெம்பேப்ரா! பிரமாதம்! என்ன நடிப்பு அண்ணா!" தர்மிகா துள்ளினாள். "கண்ணீர்கூட வருது!"

"ந... நடிப்போ?"

அவள் தன் போனை நீட்டினாள். காலையில் ஆட்டக்காரர் எல்லோருக்கும் வந்த கடைசித் துப்பு!

'கொலைகாரன் கூட்டாளி றொஷான். ஸ்டோவ்னருக்கு வருவான். வளைத்துப் பிடித்துக் கேளுங்கள்!'

நண்பனைத் திகைக்க வைக்க வின்சென்ற் போன கிழமையே எழுதி, இன்று தானாகப் போகும்படி வைத்திருந்த குறும்பு. அட பாவி... ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா!

றொஷான் சிரிக்க முயன்றான்.

"ஓம்... நடிப்புத்தான். எல்லாரும் வீட்டை போங்கோ!"

யார் போவார்கள்? இடம் சொன்னால் ஓடுகிற கூட்டம் அது. பாதிப் பேர் அதற்குள் கோபுரத்துக்குப் பறந்துவிட்டார்கள்.

"அங்கை போகாதேங்கோ!"

"அப்ப அங்கைதான் இருக்கு!" என்று மிச்சப் பேரும் ஓடினார்கள்.

தர்மிகா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "இருங்கோ அண்ணா, லைவ் போகுது."

கொஞ்ச நேரத்தில் போன் திரையில் பனி. தோண்டும் கைகள். சிரிப்பு. ஒரு மஞ்சள் துணி...

அலறல்!

தர்மிகாவின் முகம் வெளிறியது. பிடி தானாக விட்டது.

"அண்ணா... அது பொம்மையில்லை..."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாள் அந்த மனிதரை உயிரோடு கண்டுபிடிக்கத்தானே ஊரெல்லாம் அலைந்தாள்!

றொஷான் ரயில் நிலையப் பக்கம் பாய்ந்தான். பாய்ந்தவன் ஒரு பொலிஸ் சீருடையில் போய் மோதினான்.

கம்சாயினி! கூட்டத்தைக் கட்டுப்படுத்த வந்து, ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டு நின்றவள்.

விலங்கு 'கிளிக்' என்றது.

"தங்கச்சி... இனி என்ரை கதி?"

"பயப்பிடாதேங்கோ அண்ணை. இந்த நாட்டுச் சிறையிலை வீடியோ கேம் எல்லாம் விளையாட விடுவினம்... வெளியிலை போய் விளையாடுறதுதான் கொஞ்சம் கஷ்டம்!"