அப்பாவின் மீது ஒரு சாயல் புகார்

சங்கிலிமுத்துவின் முகத்தை அச்சிட அந்த இயந்திரம் ஐந்தாவது முறையும் மறுத்தது. ‘காணவில்லை’ என்ற எழுத்து பளிச்சென்று வந்தது. பெயர், வயது எழுபத்தொன்று, நீலக் கட்டம் போட்ட சட்டை, மறதி நோய் உள்ளவர், தொடர்பு எண், எல்லாம் வந்தன. முகம் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் ஈரக்கையால் தேய்த்ததுபோல ஒரு சாம்பல் கறை.

மதுரை சிம்மக்கல்லில் அச்சகம் வைத்திருந்த கபூர் பாய் இயந்திரத்தின் திரையைக் காட்டினார். “எண்பத்தாறு சதவீதம் நடிகர் கதிர்வேந்தன் சாயல்னு சொல்லுதும்மா. எண்பதுக்குக் கீழ எறங்குனாத்தான் விடும்.”

செண்பகவல்லிக்கு அழுகையைவிட எரிச்சல்தான் முந்திக்கொண்டு வந்தது. காலை ஏழரைக்கு அவள் குளித்துவிட்டு வருவதற்குள் அப்பா கதவைத் திறந்துகொண்டு போயிருந்தார். இப்போது மணி பத்து. காவல் நிலையத்தில் புகாரைப் பதிந்துகொண்டார்கள். ஆனால் அவர்களுடைய கணினியும் அதே படத்தை அதே கறையாகத்தான் ஏற்றியது.

எல்லாம் சாயல் சட்டத்தின் வேலை. ஒன்பது வருடங்களுக்கு முன், நடிக்காத நடிகர்களை வைத்து இயந்திரங்களே முழுப் படம் எடுக்கத் தொடங்கியிருந்தன. இறந்துபோனவர்கள் சோப்பு விளம்பரத்தில் சிரித்தார்கள். அவரவர் முகம் அவரவர்க்கே சொந்தம் என்று கேட்டு நடந்த கையெழுத்து இயக்கத்தில் செண்பகவல்லியும் கையெழுத்துப் போட்டவள்தான். சட்டம் வந்தது. கேமரா, திரை, அச்சு இயந்திரம் எதுவானாலும் உள்ளே ஒரு ‘மறைப்பி’ இருக்கவேண்டும் என்றானது. பதிவான முகத்தையோ அதன் சாயலையோ உரியவர் அனுமதியின்றிக் காட்டினால் மறைப்பி அதை அழித்துவிடும். பதிவு செய்யாத சாதாரண மக்களின் முகங்களை எந்தக் கேமராவும் நினைவில் வைக்கக்கூடாது என்றும் அதே சட்டம் சொன்னது. அதையும் எல்லோரும் வரவேற்றார்கள்.

கதிர்வேந்தன் தன் முகத்தை இருபது வயது முதல் எண்பது வயது வரை கணித்துப் பதிந்திருந்தார். அந்த எழுபது வயது முகம், அவரைவிடப் பன்னிரண்டு வருடம் மூத்தவரும், போக்குவரத்துக் கழகத்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவருமான சங்கிலிமுத்துவின் முகமாக அமைந்துவிட்டது.

கபூர் பாய் படத்தில் மீசையை எடுத்துப் பார்த்தார். எண்பத்திரண்டு. புருவத்தை மெலியவைத்து, தாடையைக் கொஞ்சம் அகட்டினார். எழுபத்தெட்டு. தாள் சுத்தமாக வெளியே வந்தது.

“இது யாரு பாய்?” என்று கேட்டாள் செண்பகவல்லி. அவர் தாளை நாலாக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

கே.கே. நகரில் இருந்த சாயல் பதிவகத்துக்கு ஓடினாள். அதிகாரி ஜெபசீலி ஐம்பது வயதுக்காரர். குரலை உயர்த்தாதவர். அதுவே செண்பகவல்லியின் எரிச்சலை இன்னும் கூட்டியது. விலக்கு கேட்டு விண்ணப்பிக்கலாம், நடிகர் தரப்பின் சம்மதம் வேண்டும், இருபத்தொரு வேலை நாள் ஆகும் என்று அவர் விளக்கினார். அதற்குள் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று செண்பகவல்லி கேட்டதற்கு, விண்ணப்பத்தை அவசரம் என்று குறிக்க ஒரு கட்டம் இருக்கிறது என்றார்.

பிறகு, விலக்கு கிடைப்பது ஏன் கடினம் என்று காட்டுவதற்காக அவர் கணினியைத் தட்டினார்.

“உங்கப்பா மொகத்துக்கு இன்னைக்கு மட்டுமே தெருக் கேமராக்கள்ல நாலு குறிப்பு விழுந்திருக்கும்மா. அனுமதியில்லாம பொது இடத்துல தோன்றுதல்.”

செண்பகவல்லி எழுந்து நின்றுவிட்டாள். “எந்த எடத்துல மேடம்?”

“அத புகார் குடுத்தவங்களுக்குத்தான் சொல்ல முடியும். இதுவரைக்கும் யாரும் புகார் குடுக்கல.”

“யாரு குடுக்கலாம்?”

“யாரு வேணும்னாலும். பெரும்பாலும் ரசிகர்கள்தான் குடுப்பாங்க.”

காணாமல்போன மனிதரைத் தேட அந்தக் கேமராக்களுக்கு உரிமை இல்லை. கதிர்வேந்தனின் முகத்தோடு திரியும் ஆளைத் தேட இருந்தது. செண்பகவல்லி அங்கேயே உட்கார்ந்து தன் அப்பாவின் மீது புகார் எழுதினாள். ‘குற்றம் சாட்டப்பட்டவர் உமக்கு என்ன உறவு’ என்ற இடத்தில் தந்தை என்று எழுதினாள். ‘அசல் முகத்துக்கு நேர்ந்த பாதிப்பு’ என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. மனவேதனை என்று எழுதிக் கொடுத்தாள்.

இருபத்தைந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். மாட்டுத்தாவணி, மேலூர், திருப்பத்தூர் என்று வழிநெடுக இருந்த கேமராக்கள் அவரைக் குறித்துவைத்திருந்தன. காரைக்குடியில் ஒரு பேருந்தின் படிக்கட்டில் நின்றுகொண்டு, பயணிகளை உள்ளே தள்ளி நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தவரைப் பதிவகக் காவலர்கள் இறக்கிக் கூட்டிவந்தார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு அவர் ஜெபசீலியின் எதிரே உட்கார்ந்திருந்தார். யாரோ வாங்கிக் கொடுத்த பன்னை மடியில் வைத்திருந்தார். மகளைப் பார்த்து, டியூட்டி முடிந்துவிட்டதா என்று கேட்டார்.

அவரை விடுவிக்க ஓர் உறுதிமொழி தேவைப்பட்டது. ஜெபசீலி வாசித்தார்: “என் முகம் திரு. கதிர்வேந்தன் அவர்களின் முகத்தின் நகல் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.”

சங்கிலிமுத்து கன்னத்தைத் தடவிப் பார்த்தார். அவருக்குப் பல விஷயங்கள் மறந்திருந்தன. மகளின் பெயரே சில நாள் வராது. ஆனாலும் தயங்கினார். “இது எங்கய்யா மூஞ்சிம்மா. ஊர்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாக.”

“தெரியும்ப்பா. வீட்டுக்குப் போவோம்,” என்று சொல்லிவிட்டு, பாதுகாவலர் என்ற இடத்தில் செண்பகவல்லியே கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த மாதம் அப்பா மறுபடி கிளம்பிப் போனார். அவள் மறுபடி புகார் கொடுத்தாள். பதினெட்டு நிமிடத்தில் கிடைத்தார். மறதி நோய் மருத்துவமனையில் காத்திருக்கும்போது இதைப் பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னாள். அவர்கள் மற்றவர்களிடம் சொன்னார்கள். மழைக்காலம் முடிவதற்குள் பதிவகத்தின் வாசலில் வரிசை நின்றது. சாயல் இல்லாதவர்களுக்குச் சாயலை உண்டாக்கினார்கள். மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் நூற்றுக்கணக்கான முதியவர்கள் கதிர்வேந்தன் மீசை வைத்து, கதிர்வேந்தன்போல் இடப்பக்கம் வகிடு எடுத்து நடந்தார்கள். பாட்டிகளுக்கு வேறு நடிகைகளின் கொண்டையும் பொட்டும் அமைந்தன. தன் முகம் தனக்கே உரியதாக இருக்கவேண்டும் என்று சட்டம் கேட்டு வாங்கிய நடிகர் கடுமையாக ஓர் அறிக்கை விட்டார். பொய்ப் புகார் கொடுப்பது குற்றம் என்று பதிவகம் பலகை வைத்தது. அந்தப் பலகைக்குக் கீழேயே நின்றுதான் ஜனங்கள் படிவம் நிரப்பினார்கள். ஜெபசீலி மட்டும் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, இது முறையல்ல, இதற்காக ஏற்பட்டதல்ல இந்த அலுவலகம் என்று அதே உயராத குரலில் சொல்லிப் பார்த்தார்.

தை மாதத்தில் ஒரு காலை, செண்பகவல்லி தான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் இருந்தபோது ஜெபசீலியிடமிருந்து அழைப்பு வந்தது. குரல் உயர்ந்திருந்தது.

“எங்கம்மாவக் காணோம்மா. மாட்டுத்தாவணில எறங்கி தண்ணி வாங்கப் போனேன். திரும்பி வந்தா ஆளு இல்ல.”

செண்பகவல்லி அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் போனாள். போகும் வழியெல்லாம், அன்றைக்குத் தன்னை எவ்வளவு அலைய வைத்தார் என்ற நினைப்பு இருந்தது. பேருந்து நிலையத்தில் அடையாள அட்டை கழுத்தில் தொங்க நின்றிருந்த ஜெபசீலியைப் பார்த்ததும் அதைக் கேட்கத் தோன்றவில்லை. மறதி தொடங்கியிருந்த அம்மாவைச் சொந்த ஊரான நாசரேத்திலிருந்து அன்று காலைதான் அழைத்துவந்தாராம். அலுவலகக் கணினியில் தன் அதிகாரத்தைக் கொண்டே தேடிவிட்டார். அம்மாவின் முகம் பதிவில் இருக்கும் எந்த முகத்தோடும் பதினொரு சதவீதத்தைத் தாண்டவில்லை. நூற்று நாற்பது கேமராக்களின் முன்னால் நடந்துபோயிருப்பார். ஒன்றுகூட அவரைக் குறிக்கவில்லை.

இருவரும் கடை கடையாக விசாரித்தார்கள். கைப்பேசியில் இருந்த படங்களில் எல்லாம் அம்மா பேரப்பிள்ளைகளுக்குப் பின்னால் பாதி மறைந்தே நின்றார். வெள்ளைச் சேலை, ஒல்லியான உடம்பு, கையில் துணிப்பை என்று ஜெபசீலி அடையாளம் சொன்னார். அப்படி இன்று காலையில் மட்டும் ஐம்பது பேரைப் பார்த்திருப்பேன் என்றார் டீக்கடைக்காரர். உதவ வேண்டும் என்ற அக்கறையோடுதான் அவர் கேட்டார்:

“மொகம் எப்படிம்மா? எந்த நடிகை சாயல்ல இருப்பாக?”

எட்டு வருடமாக முகங்களைப் பதிந்தவர் ஜெபசீலி.

“எங்கம்மா மாதிரிதான் இருப்பாங்க,” என்றார்.

செண்பகவல்லி அவர் கையைப் பிடித்து அடுத்த கடைக்கு அழைத்துப் போனாள்.