முப்பத்திரண்டு வீட்டுத் திறவெண்

"பெட்டியக் குப்பையில போட்டது நீதானளா!"

"நான் எதுக்குப் போடுதேன்? பதினோரு வருசத்துல அப்படி ஒரு பெட்டிய இந்த வீட்டுல நான் கண்ணால பாத்ததில்ல!"

பெர்க்மான்ஸும் ஸ்டெல்லாவும் போட்ட சத்தம் கடற்சுவர்க் குடியிருப்பின் ஐந்து மாடிக்கும் கேட்டது. கதவைச் சாத்தியிருந்தவர்கள்கூட மரியாதைக்காகச் சன்னலைத் திறந்துவைத்துக் கேட்டார்கள்.

தூத்துக்குடிக்குள் கடல் வந்த பிறகு கட்டிய குடியிருப்பு அது. முப்பத்திரண்டு வீடு, வீட்டுக்கு ஒருவர் காதுக்குப் பின்னால் ஒரு நினைவாணி. ஆள் மறப்பதை அது மறக்காது. வாரம் ஒருமுறை, தன்னிடம் இருப்பதைக் கம்பெனியின் சேமக்கிடங்குக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடும். பெர்க்மான்ஸின் ஆணிதான் இப்போது பழுது. போன ஞாயிறு மகள் ஃப்ளாவியா போனில் கூப்பிட்டபோது, "யாரும்மா நீ, எந்த வீடு?" என்று பதவிசாகக் கேட்டார். அந்தப் பக்கம் அழுகை கேட்டது.

பழுது பார்த்தால் ஆணி காலியாகிவிடும். மறுபடி உயிர் வர, வாங்கியபோது பெட்டியில் ஒட்டியிருந்த திறவெண் வேண்டும். எண் இல்லையென்றால் மகளை மறந்தது மறந்ததுதான்.

பக்கத்து வீட்டில் கேட்கவும் ஸ்டெல்லாவுக்கு வாய் வராது. மற்ற வீட்டு ஆணிகளெல்லாம், அன்றைய குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஒன்றை மட்டும் அசலாக வாங்கி, அதன் எண்ணை ஊருக்கே எழுதிக்கொடுத்த வகை. ஒருத்தர் வாங்கினால் எல்லாரும் வாங்கின மாதிரி என்பதில் இங்கே யாருக்கும் கூச்சம் இருந்ததில்லை. ஸ்டெல்லா மட்டும், "எங்க வீட்டுது அசலு. அவுக மெட்ராஸ்ல நேர்ல போயி வாங்கியாந்தது" என்று பதினோரு வருஷமாகச் சொல்லிவந்தாள். தண்ணீர் பிடிக்கும்போது சொன்னாள். இழவு வீட்டிலும் சொன்னாள்.

மத்தியானம் பழுது பார்க்கும் சுடலைவடிவு எண்ணெடுப்பானோடு வந்தாள். காதுக்குப் பின்னால் வைத்தால், ஆணிக்குள் புதைந்து கிடக்கும் எண்ணைத் தோண்டிக் காட்டும் சின்னக் கருவி. "ஆணியைத் தொடுததுக்கு முந்தி நம்பர எழுதி வச்சிக்கிடணும் அக்கா. பொறவு என்னயக் குத்தம் சொல்லப்பிடாது."

சரியாக அந்த நேரத்தில் எதிர்வீட்டு அகத்தா கறிவேப்பிலை கேட்டு வந்து, ஒரு கொத்தை வாங்கிக்கொண்டும் நின்றாள். புருஷனை இழந்தவள், அவள் வீட்டுத் தொட்டியில் கறிவேப்பிலை ஆளுயரத்துக்கு நின்றது.

கருவியில் எண் மின்னியது. அகத்தா எட்டிப் பார்த்தாள்.

"கடைசியில நாலு, நாலு, ஒண்ணு, ஏழு. அட, எங்க வீட்டு நம்பரு! எல்லா வீட்டு நம்பருந்தான். மைனி, இதா உங்க அசலு?"

பெட்டி என்று ஒன்று இருந்ததே இல்லை. பெர்க்மான்ஸ் மனைவியிடம் எப்போதோ சொன்ன பொய். ஆணி பழுதானதில் அவருக்கே அது உண்மையாகிவிட்டது.

"சிரிச்சு முடிச்சிட்டியாளா?" என்றாள் ஸ்டெல்லா. பிறகு வடிவிடம், "எந்த நம்பரா இருந்தா என்ன? எம்மவ பேரு அவுக வாயில வரணும். நீ போடு."

வடிவு ஆணியைத் துடைத்துச் சரிசெய்து எண்ணைப் பதித்தாள். சேமக்கிடங்கில் இருப்பதை மீட்கவா என்று கருவி கேட்டது. "எல்லாத்தையும் மீட்டுரு" என்றாள் ஸ்டெல்லா.

வடிவு அழுத்தினாள்.

இத்தனை வருஷத்தில் இந்தக் குடியிருப்பில் காலியான முதல் ஆணி இதுதான். அதனால், ஒரே எண்ணில் வந்துசேரும் முப்பத்திரண்டு பேரைக் கிடங்கு எப்படிப் பிரித்துவைக்கும் என்று யாரும் யோசித்ததில்லை. கிடங்கு பிரிக்கவில்லை. அதன் கணக்கில் அது ஒரே ஆள். ஐந்து மாடியிலும் குடியிருக்கும் ஆள்.

பெர்க்மான்ஸ் கண்ணைத் திறந்தார். அகத்தாவைப் பார்த்து, தனக்குத்தானே பேசுகிற குரலில் கேட்டார்:

"சேசுவடியான் எழுதுன கடுதாசிய அரிசி டிரம்முக்குள்ள ஏன் ஒளிச்சு வச்சேன்? பூச்சி அரிச்சிராது?"

அகத்தா கையிலிருந்த கறிவேப்பிலையைப் போட்டுவிட்டு வெளியே நடந்தாள்.

"ஏங்க, நம்ம மவ பேரு?" ஸ்டெல்லா அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஃப்ளாவியா" என்றார். ஸ்டெல்லாவுக்கு மூச்சு வந்தது. அவர் நிறுத்தவில்லை. "ரெஜினா. முத்துச்செல்வி. ஜெசிந்தா. பாத்திமா. பிரசவத்துலயே போனாளே, பேரு வைக்காத ஒருத்தி, அவளுந்தான்." எல்லா வீட்டு மகளுக்காகவும் ஒரே மாதிரி கண்ணீர் வழிந்தது.

"நான் யாரு? சொல்லுங்க."

"ஸ்டெல்லா. எனக்கு உன்னக் கண்டாலே ஆகாது. பெரும பேசுதவ." அவர் முகம் குழம்பியது. "ஆனா உள்ள ஒருத்தனுக்கு மட்டும் உன்மேல உசிரு. அவன் யாருன்னுதான் தெரியல."

அந்த மாதமே வீடுகள் காலியாகத் தொடங்கின. சொந்தக்காரர் கூப்பிட்டார் என்றார்கள், உப்புக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள்; பெர்க்மான்ஸின் கண்ணில் படாமல் சாமான் ஏற்றினார்கள். அவர்களுடைய ஆணிகள் எங்கே போனாலும் வாரம் ஒருமுறை அதே எண்ணுக்கு அனுப்பிக்கொண்டுதான் இருந்தன. ஒருமுறை மீட்ட அவர் ஆணி மட்டும் கிடங்கிலிருந்து அதையும் இறக்கிக்கொண்டது; புது வீட்டுக் குழாய் ஒழுகுவதுகூட அவருக்குத் தெரிந்தது. அகத்தா மணப்பாட்டுக்குப் போய்ச் சேசுவடியானையே கட்டிக்கொண்டாள். அந்த வாரம் ஒரு காலையில் பெர்க்மான்ஸ் காரணம் சொல்லாமல் வெட்கப்பட்டார்.

மறுவருஷம் நாற்பதாவது திருமண நாளுக்கு மாதா கோயிலில் கல்யாண வாக்குறுதியைப் புதுப்பித்தார்கள். பங்குச் சாமியார் கேட்டதும் பெர்க்மான்ஸ் தயங்காமல் சம்மதம் சொன்னார். ஸ்டெல்லா அவர் கையை விடவில்லை. அவள் யாரைக் கட்டிக்கொண்டாள் என்று சொல்ல, கடற்சுவர்க் குடியிருப்பில் இப்போது ஆள் இல்லை.