மஞ்சள் பூசிய நிலைப்படி

நிலைப்படியில் பூசிய மஞ்சள் நடுவில் மட்டும் தேய்ந்திருந்தது.

மாதேவி தூசி தட்டும் துணியோடு குனிந்து பார்த்தாள். இரண்டு ஓரங்களிலும் போன வெள்ளிக்கிழமை அவள் பூசிய மஞ்சளும் வைத்த குங்குமப் பொட்டும் அப்படியே இருந்தன. நடுவே ஒரு முழ அகலத்துக்குக் கறுத்த மரம் தெரிந்தது. ஆட்கள் நாலு பேர் புழங்குகிற வீட்டில் ஒரு வாரத்தில் இப்படித் தேயும். ஆனால் இது வீடு இல்லையே. மைசூரில் ஓர் உள்ளூர் வரலாற்று அருங்காட்சியகத்தின் பின்கூடம். இடித்த வீடு ஒன்றிலிருந்து பெயர்த்து வந்த இரட்டைக் கதவையும் நிலையையும் சுவரிலிருந்து இரண்டு முழம் தள்ளிக் கம்பி கட்டி நிறுத்தியிருந்தார்கள். முன்னால் தடுப்புக் கயிறு. கதவைத் திறந்தால் எதிரே வெள்ளையடித்த சுவர். அதற்குள் யார் போய், யார் வருவது?

இங்கே அவளுக்குச் சம்பளம் கிடையாது. செவ்வாயும் வெள்ளியும் வந்து சாமான்களைத் துடைத்து, எண் ஒட்டித் தரும் தன்னார்வலர்களில் ஒருத்தி. கணவன் அருண்ராஜுக்கு நஞ்சன்கூட்டில் ஷிப்டு வேலை. மகள் தன்யா பள்ளிக்கூடம் போனபிறகு வெறும் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாமல்தான் இதில் சேர்ந்தாள். ஹனூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பெண்ணுக்கு வெள்ளிக்கிழமையன்று ஒரு நிலைப்படி மூளியாக நின்றால் கை சும்மா இருக்குமா? மறுநாள் கூடம் திறப்பு வேறு. கோயிலுக்கென்று வாங்கிய மஞ்சள் பையில் இருந்தது. குழைத்துப் பூசிவிட்டாள். காட்சிப் பொருளைத் தொடக்கூடாது என்ற விதி பூசி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

பொறுப்பாளர் சேஷு பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“என்ன காரியம் பண்ணிட்டே மாதேவி! பிளேக் வந்தப்போ அந்தாத்துல பதினோரு பேர் போயிட்டா. அதுல ஏழு கொழந்தேள். அப்புறம் நூறு வருஷமா வீட்டைப் பூட்டியே வச்சிருந்தா. இந்தப் படிக்கு ஒருத்தரும் மஞ்சள் வச்சதில்லையாம்.”

“தொடச்சுப் போடறேனுங்க சார்.”

“வேண்டாம், வேண்டாம். பழைய மரம், பாழாயிடும். அதுக்குன்னு ஆள் இருக்கா, வரச் சொல்றேன்.”

ஆள் வரவில்லை. மாதேவிக்குத்தான் வாரம் முழுக்க நெஞ்சு அடித்துக்கொண்டது. நிலைப்படிக்கு மஞ்சள் பூசுவதென்றால் என்ன? இங்கே ஆள் இருக்கிறது, அடுப்பு எரிகிறது, இது குடியிருக்கும் வீடு என்று சொல்வதுதானே. அதைத் தெரியாத்தனமாக யாரிடம் சொல்லித் தொலைத்தோம்?

இன்று காலையிலிருந்து விடாத மழை. மத்தியானமே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டதால் தன்யாவையும் கூட்டி வந்திருந்தாள். மூன்றரை மணிக்குக் கரண்டு போனது. எலக்ட்ரீஷியனைக் கையோடு அழைத்து வருகிறேன் என்று சேஷு குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கூடத்தில் இருந்த ஒரே ஜன்னல் வழியாகச் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

தன்யா கயிற்றுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். ஆறு வயது. இரண்டு முறை கரு கலைந்து, மாதேஸ்வரன் மலைக்கு ஒன்பது வருஷம் நடையாய் நடந்து பெற்ற ஒரே பிள்ளை. அவளுக்கு ஒரு தும்மல் வந்தால் மாதேவிக்கு உயிர் போய் உயிர் வரும்.

“கண்ணு, அந்தக் கயித்துக்கிட்டப் போகக்கூடாது, தெரிஞ்சுதா?”

“சரிம்மா.”

மாதேவி அடுத்த மூலையில் இருந்த பித்தளைப் பாத்திரங்களைத் துடைக்கப் போனாள். ஓட்டின் மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது, அந்தச் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தமும் வருவதுபோல் இருந்தது, முதலில் எலி என்று நினைத்தாள், பிறகு அம்மிக் குழவி நகரும் சத்தமென்று அவளுடைய காதுக்கே தெரிந்துவிட்டது, கூடவே வேப்பிலை புகையும் வாசனையும், அதற்குள் பொங்கி வழிந்த கஞ்சியின் வாசனையும், எத்தனையோ நாள் திறக்காத அறையின் புழுக்கமும் ஒன்றாக வந்து மூக்கில் ஏறின. துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. தன்யா யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். விளையாடுகிறாள், வேறென்ன, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பிறகு பேச்சு நின்றது.

திரும்பினாள். கிரேயான் பெட்டி தரையில் கிடந்தது. கயிறு ஆடிக்கொண்டிருந்தது. கதவின் ஒரு பக்கம் உள்ளே திறந்திருந்தது.

“தன்யா?”

ஓடினாள். நிலையைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். அங்கே இரண்டு முழ இடம், சுவர், திறந்த கதவின் முதுகு. ஆள் இல்லை. முன்பக்கம் வந்தாள். வாசலுக்குள் பார்த்தாள். சுவரைக் காணோம். இருட்டு. இருட்டுக்குள் தூரத்தில் செங்கனல், அடுப்பாக இருக்க வேண்டும். நீளமான கூடம்.

“அம்மா, இங்க பாப்பாங்க எல்லாம் இருக்காங்க,” உள்ளே வெகு தூரத்தில் தன்யாவின் குரல் கேட்டது. சிரிப்பு இருந்தது அதில். அப்புறம் சிரிப்பு இல்லை. “அம்மா, இவங்க விட மாட்டேங்கறாங்க.”

மாதேவி உள்ளே பாயப் போனாள். படியைத் தாண்டக் காலைத் தூக்கியதும் கதவு சாத்திக்கொள்ளத் தொடங்கியது. தோளைக் கொடுத்துத் தாங்கினாள். மறுபக்கம் யாரோ தள்ளினார்கள். ஒருவர் இல்லை, பலர். உள்ளே போய்விட்டால் கதவைப் பிடிக்க ஆளில்லை. விட்டால் மூடிவிடும். மூடினால் பிள்ளை போச்சு. அதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. பெற்ற வயிற்றுக்குத் தெரிந்தது.

ஒரு கையால் போனை எடுத்துச் சேஷுவைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. அருண்ராஜ் எடுத்தான். பின்னால் மெஷின் இரைச்சல்.

“என்னங்க, தன்யா, தன்யா உள்ள போயிட்டாளுங்க, ஓடியாங்க!”

“எங்க போயிட்டா? கேக்கல மாதேவி. சத்தமா சொல்லு.”

போன் கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்க முடியவில்லை. கதவு இன்னும் நெருங்கியது. நெஞ்செலும்பு வலித்தது.

“மாதப்பா! மாதேஸ்வரா! என்னைய எடுத்துக்கோ சாமி. பிள்ளையக் குடுத்துடு!”

உள்ளே சின்னச் சின்னக் காலடிகள். ஓடி வந்தன. நிலைப்படிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றன. இருட்டிலிருந்து கைகள் நீண்டன. பிள்ளைக் கைகள். ஒன்று. மூன்று. ஐந்து. எண்ணினாள். எட்டு. எல்லாக் கையிலும் பச்சைக் கண்ணாடி வளையல். தன்யாவின் வளையல்.

“அம்மா.” “அம்மா.” “அம்மா, பேகா!” சீக்கிரம் என்பதற்குத் தன்யா சொல்லும் சொல். எட்டுப் பேருக்கும் அவள் குரல்தான்.

மாதேவி அழுதாள். எந்தக் கை? பெற்றவளுக்குத் தெரிய வேண்டாமா? தெரியவில்லையே. நகத்தைப் பார்த்தாள், ஒரே நகம். தொட்டுப் பார்த்தாள், எல்லாம் ஈரம், எல்லாம் சில்லிப்பு. தோள் மரத்துக்கொண்டே வந்தது. இன்னும் கொஞ்ச நேரம்தான் தாங்கும்.

“உங்கப்பா பேரு என்ன?”

“அருண்ராஜ்,” என்றன ஏழு குரல்கள். ஒரு கை மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் தேம்பல்தான் கேட்டது.

“காலையில அம்மா என்ன ஊட்டிவிட்டேன்? சொல்லு கண்ணு!”

அம்மிச் சத்தமும் நின்றது.

“அக்கி ரொட்டி,” என்றாள் ஒருத்தி, தெளிவாக. “சட்னி காரம்னு நான் அழுதேன். நீ சக்கர போட்டுக் குடுத்தே.”

அந்தக் கையைப் பாய்ந்து பிடித்தாள். இழுத்தாள். தன் பலம் முழுவதையும் போட்டு இழுத்தாள். நிலைப்படியைத் தாண்டிப் பிள்ளை வந்து விழுந்தது. தன்யாதான். அதே முகம், அதே நீல ஃபிராக், அதே கன்னத்து மச்சம். வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். தாங்கியிருந்த தோள் விலகியது. கதவு சாத்திக்கொள்ளப் போனது.

மூடுவதற்கு முன் இரண்டு விரல் இடைவெளி. அதில் ஒரு கண். அழுது சிவந்த கண்.

“அம்மா, அது நான் இல்ல! அக்கி ரொட்டி நான்தான் அவளுக்குச் சொன்னேன்!”

கதவு மூடியது.

மாதேவி அலறிக்கொண்டு அதை உதைத்தாள். இடித்தாள். நகத்தால் பிய்த்துத் திறந்தாள். எதிரே வெள்ளையடித்த சுவர். ஒரு கீறல்கூட இல்லை. சுவருக்குள்ளிருந்து ஒரு சின்னக் கை தட்டிக்கொண்டே இருந்தது. அம்மா. அம்மா. இடுப்பில் இருந்தது சில்லிட்ட கால்களால் அவளை இறுகக் கட்டிக்கொண்டது.

“தன்யா” என்று சுவரைப் பார்த்துக் கத்த வாயைத் திறந்தாள். இடுப்பில் இருந்தது கையை நீட்டி அவள் வாயைப் பொத்தியது.