நீலப் புள்ளி பார்த்தவர்கள் கூப்பிடவும்

நான் செய்தது ஒரே ஒரு காரியம். ஜிப்பை இழுத்தேன்.

அதையும் முழுசாக இழுக்கவில்லை... கேமராவின் மூக்கு நுழைகிற அளவுக்குத்தான். வலைக்கூண்டுக்கு வெளியே நின்று எடுத்தால் உள்ளே இருந்த பட்டாம்பூச்சி ஒவ்வொன்றும் ஜெயில் கம்பிக்குப் பின்னால் நிற்கிற கைதி மாதிரி விழுந்தது. 'வசந்த மலரின் முதல் பக்கத்தில் கைதியா?' என்று எனக்குள் இருக்கும் கலைஞன் கேட்டான். அந்தக் கலைஞனை அன்றைக்கே வேலையை விட்டுத் தூக்கியிருக்க வேண்டும்.

முதலில் ஒன்று வந்தது. கேமராவின் மேல் உட்கார்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பறந்தது. பின்னாலேயே இரண்டு. அப்புறம்... கடைசி மணி அடித்த பள்ளிக்கூடம் போல மொத்தக் கூட்டமும்! ஆரஞ்சும் மஞ்சளும் வெள்ளையுமாக என் காதோரம் உரசிக்கொண்டு, பள்ளி ஆய்வக ஜன்னல் வழியாக, அப்போதுதான் தூறல் விட்டிருந்த வெயிலுக்குள் போய்க் கரைந்தன. நான் இரண்டு கையையும் விரித்துத் துள்ளினேன். ஒன்றுகூட சிக்கவில்லை. மேஜைமேல் இருந்த ஒரு பூந்தொட்டி மட்டும் சிக்கியது. அதுவும் உடைந்தது.

"யாரு சார் நீங்க?"

திரும்பினேன்.

வாசலில் அவள். கையில் இலைகள் நிறைந்த தட்டு. கன்னத்தில் ஒரு துளி நீல மை, அது அங்கே இருப்பது அவளுக்கே தெரியாது. அப்புறம் அந்தக் கண்கள்... மழைக்கு முந்தின நிமிஷத்தில் வானம் எப்படி இருக்கும்? கறுத்து, கனத்து, எந்த நொடியும் இடிக்கலாம் என்று... அப்படி.

"நான்... வட்டாரக் கல்வி அலுவலகம்... வசந்த மலர்... செய்தி..."

"செய்தி எடுக்க வந்தீங்களா, செய்தி உண்டாக்க வந்தீங்களா?"

கேமராவை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

எங்கள் அலுவலகம் ஒவ்வொரு வசந்தத்திலும் ஒரு நாலு பக்க மலர் போடும். வட்டாரத்துப் பள்ளிகளில் யார் நீச்சலில் தங்கம், யார் சேர்ந்திசையில் வெள்ளி, எந்தப் பள்ளித் தோட்டத்தில் முதல் பூ பூத்தது என்கிற நல்ல சேதிகள் மட்டும். அதற்கு நிருபர், ஆசிரியர், புகைப்படக்காரர், மலர்க் கட்டைச் சுமந்து போய் விநியோகிப்பவர் எல்லாம் நானே. பிள்ளைகளுக்கு நான் 'போட்டோ சார்'. அவள் ஏழாம் வகுப்பு அறிவியல் டீச்சர். பிள்ளைகளுக்கு 'பூச்சி மிஸ்'.

இடைவேளை முடிந்து பிள்ளைகள் திமுதிமுவென்று வந்தார்கள். காலிக் கூண்டைப் பார்த்ததும் சத்தம் அப்படியே அடங்கிவிட்டது. எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் 'வக்கீல்' என்று பட்டம் வாங்கியிருந்த ஒரு சிறுமி முன்னால் வந்தாள்.

"மிஸ், நம்ம பூச்சி எல்லாம் எங்க?"

"எங்க போயிருக்கும்னு நீ நினைக்கிற?" என்றாள் பூச்சி மிஸ்.

அதுதான் அவள் வழக்கம் என்பது பிறகு புரிந்தது. எந்தக் கேள்விக்கும் அவள் பதில் சொல்ல மாட்டாள், திருப்பிக் கேள்விதான் கேட்பாள். 'பதிலைக் கையில் கொடுத்தால் பிள்ளைகள் தேடுவதை விட்டுவிடுவார்கள்' என்பது அவள் கட்சி.

பின்வரிசையில் ஒரு பையன் விசும்ப ஆரம்பித்தான். விஷயம் இதுதான். குளிர் விட்டதிலிருந்து முட்டை, புழு, கூடு என்று பார்த்துப் பார்த்து வளர்த்திருக்கிறார்கள். ஒவ்வொன்றின் இறகிலும் அன்று காலைதான் மெல்லிய பேனாவால் ஒரு நீலப் புள்ளி வைத்திருக்கிறார்கள். மறுவாரம் வட்டார அறிவியல் கண்காட்சியில் நடுவர்கள் முன்னால் திறந்துவிட்டு, எவ்வளவு தூரம் போகின்றன என்று பார்ப்பதாகத் திட்டம். காட்டுவதற்கு ஒன்றும் இல்லாவிட்டால் கண்காட்சியில் இடம் இல்லை.

"நான் வேணா வேற பூச்சி பிடிச்சுத் தரேனே..." என்றேன்.

எல்லோரும் உடைந்த தொட்டியைப் பார்த்தார்கள்.

"பூச்சி பிடிக்கிற கையா சார் அது?" என்றாள் அவள். அழுதுகொண்டிருந்த பையனே சிரித்துவிட்டான். போகட்டும், அதுக்காவது உதவினேன்.

வக்கீல் நெற்றியைச் சுருக்கினாள். "மிஸ், பூச்சி போயிடுச்சு. ஆனா போற வழியில யாராவது பாப்பாங்க இல்ல?"

"பாத்தா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பாத்தவங்க சொல்லணும்."

"சொல்லணும்னு அவங்களுக்கு யாரு சொல்றது?"

ஒரு வகுப்பே மெதுவாக என் பக்கம் திரும்பியது. அந்த மழைக் கண்களும். அந்த ஒரு பார்வையில் மேகம் கொஞ்சம் விலகி... ஐயோ. அதற்கு முன்னால் எனக்கு ஒரு வாழ்க்கை இருந்தது என்றால் நம்ப மாட்டீர்கள்.

*

அன்றைக்கே எழுதினேன். 'செய்தியாளரின் அவசர புத்தியால் பட்டாம்பூச்சிகள் பறந்துவிட்டன. நீலப் புள்ளி பார்த்தவர்கள் கூப்பிடவும்.' கீழே என் வீட்டு எண். அலுவலக எண்ணைப் போட்டிருக்கலாம், ஆனால் மணி அடித்தால் எடுப்பது எங்கள் அலுவலகத்தில் வழக்கமில்லை.

அதிகாரி மூக்குக் கண்ணாடியை இறக்கிப் படித்தார். "அலுவலகம் தப்பு பண்ணுச்சுன்னு அலுவலகமே அச்சடிக்குமா தம்பி?" என்று ஒரு வரியை அடித்து, 'வலை சரியாக மூடப்படாததால்' என்று மாற்றினார்.

நான் என்ன செய்தேன்? 'ஹி ஹி' என்றேன். ஒரு வரிதானே... யார் கவனிக்கப் போகிறார்கள்?

மலர் வீடு வீடாகப் போன மறுநாளே எங்கள் வீட்டு போன் அலற ஆரம்பித்தது. எடுத்தது என் அக்கா. அக்காவுக்குப் பொழுது போகவில்லை என்று மாமா நெடுநாளாகக் கவலைப்பட்டார். இப்போது மாமாவுக்குச் சோறு போட ஆள் இல்லை.

"டேய்! பல் டாக்டர் கிளினிக்ல ஒண்ணு! பல்லு புடுங்க வந்தவரு வாயைத் திறந்துக்கிட்டே பாத்தாராம்!"

"டேய்! பஸ் கண்ணாடியில உக்காந்துச்சாம். அது எந்திரிக்கிற வரைக்கும் டிரைவர் ஸ்டாப்லயே நிறுத்தி வெச்சாராம். ஒருத்தரும் திட்டலையாம்டா!"

பந்து விளையாடுகிறவர்கள் ஆட்டத்தை நிறுத்தினார்கள். ஆஸ்பத்திரி வார்டிலிருந்து ஒரு பெரியவர் கூப்பிட்டு, ஜன்னலில் பார்த்ததாகவும் அன்று முழுவதும் நர்ஸைத் திட்டவே இல்லை என்றும் சொன்னார். ஊரே தலையைத் தூக்கி நடந்தது. இரண்டு பேர் விளக்குக் கம்பத்தில் முட்டிக்கொண்டார்கள்.

அத்தனையையும் சொல்ல, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு பள்ளிக்கு ஓடினேன். வழியெல்லாம் ஒத்திகை. 'மிஸ், நல்ல சேதி...' இல்லை இல்லை. 'வணக்கம் மிஸ், ஒரு நல்ல சேதி...'

அவள் மேஜைமேல் வசந்த மலர் விரித்துக் கிடந்தது.

"இந்த வலையைச் சரியா மூடாதது யாரு சார்?"

அவள் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் தேவலை.

"அது... அதிகாரி மாத்திட்டாரு..."

"மாத்தும்போது நீங்க எங்க இருந்தீங்க?"

"...எதிர்லதான்."

"கடைசியா ஜிப்பை மூடினது யாருன்னு பிள்ளைங்க அவங்களுக்குள்ள சண்டை போட்டுக்கிட்டாங்க, தெரியுமா உங்களுக்கு? பின்வரிசைப் பையன் ரெண்டு நாளா யார்கிட்டயும் பேசல. அவன்தான் மூடினானாம். நான் எவ்வளவு சொல்லியும் அச்சுல வந்ததைத்தான் நம்புறான். தகவல் எல்லாத்தையும் பிள்ளைங்களே, போனை எடுக்கிற உங்க அக்காகிட்ட கேட்டுக்க மாட்டாங்களா? நீங்க இனிமே இங்க வரணும்னு என்ன அவசியம்?"

என் முகத்தில் ஈயாடவில்லை. பட்டாம்பூச்சியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

*

அதற்குப் பிறகு என் வேலை, சாயங்காலமானால் அலுவலக ஜன்னலில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பது. தூறும். விடும். மறுபடி தூறும். எதிர்ப்புறப் பஸ் ஸ்டாப்பில் குடைகள் விரியும், மடங்கும். ஒரு பூச்சிகூட வரவில்லை.

ஆனால் அக்கா வேறு கதை சொன்னாள்.

"உன் ஆபீஸ் ஜன்னல்ல தினம் ஒண்ணு உக்காருதாமேடா? ஒரு பொண்ணு தினமும் போன் பண்ணிச் சொல்லுது. எதிர் பஸ் ஸ்டாப்புல நின்னு பாத்தாளாம்."

"அங்கிருந்து புள்ளி எப்படிக்கா தெரியும்?"

"அதைத்தான் நானும் கேட்டேன். 'தெரியாதுன்னு எப்படிச் சொல்றீங்க'ங்கிறா. பேரு கேட்டா 'பேரு எதுக்கு'ங்கிறா. ஒண்ணுக்காவது நேரா பதில் வருதா அவ வாயில! அப்புறம் 'உங்க தம்பி சாப்பிட்டாரா'ன்னு வேற கேக்கிறா."

"பாவம், அக்கறையான பொண்ணு போல," என்றேன்.

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். எனக்குக் கொஞ்சம் மெதுவாகத்தான் மணி அடிக்கும்.

*

கண்காட்சி நாள். வட்டாரத்தின் மற்றப் பரிசுகளும் அன்றைக்கே என்பதால் மண்டபம் நிறைய அப்பா அம்மாக்கள். பரிசு அறிவிக்கிற மைக்கும் என் தலையில்தான் கட்டப்பட்டிருந்தது. ஏழாம் வகுப்பின் இடத்தில் கூண்டு இல்லை. சுவர் அகலத்துக்கு ஒரு வரைபடம். பூச்சி தென்பட்ட இடத்திலெல்லாம் நீலத்தலைக் குண்டூசி. பல் டாக்டர் கிளினிக், பஸ் நிறுத்தம், ஆஸ்பத்திரி... பள்ளிக்கூட ஜன்னலிலிருந்து ஊரெங்கும் நீலம் சிதறியிருந்தது. கூட்டம் அங்கேதான் மொய்த்தது. "இது நான் பாத்தது!" என்று ஆளாளுக்கு விரலை நீட்டினார்கள்.

அவள் ஓரமாக நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. பின்வரிசைப் பையன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நீச்சல் தங்கத்தை அறிவித்தேன். சேர்ந்திசை வெள்ளியை அறிவித்தேன். அடுத்து அறிவியல். சீட்டைப் பிரித்தேன்... மடித்தேன்.

"இதைப் படிக்கறதுக்கு முன்னாடி ஒரு திருத்தம்," என்றேன். "மலர்ல வலை சரியா மூடலைன்னு போட்டிருந்தோம். வலை நல்லா இறுக்கமாத்தான் மூடியிருந்துச்சு. மூடின பையன் ரொம்ப ஒழுங்கா மூடியிருந்தான். ஜிப்பைத் திறந்தது நான். நல்ல போட்டோ வேணும்னு ஆசைப்பட்டேன். போட்டோவும் நல்லா வரல."

முன்வரிசையில் அதிகாரி நாற்காலியில் நெளிந்தார். பின்வரிசைப் பையன் தலையைத் தூக்கினான்... அவன் முகம் மலர்ந்ததைத்தான் முதல் பக்கத்தில் போட்டிருக்க வேண்டும். கையில் அப்போது கேமரா இல்லை. என் ராசி அப்படி.

"குற்றவாளி ஒத்துக்கிட்டாரு!" என்று கத்தினாள் வக்கீல். மண்டபமே சிரித்தது.

முதல் பரிசு இன்னொரு பள்ளி செய்து காட்டிய, பொங்குகிற எரிமலைக்கு. எந்த வருஷமும் எரிமலையை யாரும் ஜெயித்ததில்லை. இரண்டாம் பரிசு ஏழாம் வகுப்புக்கு. அவர்கள் போட்ட கூச்சலில் எரிமலை இன்னொரு தரம் பொங்கியிருக்கும்.

"திங்கக்கிழமை என் ரூமுக்கு வா," என்று சொல்லிவிட்டுப் போனார் அதிகாரி.

*

மண்டபம் காலியாகிக்கொண்டிருந்தது. வெளியே மழை, கூரைமேல் விரல் தட்டுவது போல, மெத்தென்று... அவள் வரைபடத்தின் முன்னால் நின்றாள். கன்னத்தில் இன்றும் நீல மை. பக்கத்தில் போய் நின்றேன்.

"திங்கக்கிழமைக்கு அப்புறம் உங்களுக்கு வேலை இருக்குமா?" என்றாள், திரும்பாமலே.

"இருக்கும்னு நினைக்கிறேன். மலர்க் கட்டைத் தூக்க வேற ஆள் கிடைக்கணுமே."

அவள் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து, சட்டென்று ஒளிந்துகொண்டது.

வரைபடத்தைப் பார்த்தேன். இன்னொரு தரம் பார்த்தேன்.

"மிஸ்... இதுல ஒரு இடம் விட்டுப்போச்சே."

"எது?"

"எங்க ஆபீஸ் ஜன்னல். தினம் ஒரு பொண்ணு போன் பண்ணிச் சொன்னாங்களாம். அக்கா ஒண்ணு விடாம பிள்ளைங்ககிட்ட சொல்லியிருப்பாளே?"

"அந்த ஜன்னல்ல நீங்க ஏதாவது பூச்சி பாத்தீங்களா?"

"இல்ல."

"இல்லாததை எப்படி சார் வரைபடத்துல குத்துறது? பிள்ளைங்களுக்குப் பொய் சொல்லிக் குடுக்கலாமா?"

"ஆனா போன் பண்ணினவங்க பாத்தேன்னு சொன்னாங்களே..."

மழை ஒரு நொடி பலத்தது. அவள் குண்டூசிப் பெட்டியைத் திறந்தாள். மூடினாள். திறந்தாள். காது நுனி சிவந்தது.

"அவங்க அந்த ஜன்னல்ல பாத்தது... பூச்சியத்தான்னு எப்படிச் சொல்றீங்க?"

அப்போது அடித்தது எனக்கு மணி. இத்தனை நாள் தாமதத்தையும் சேர்த்து, கணகணவென்று!

பஸ் ஸ்டாப். குடை. கேள்விக்குக் கேள்வி. 'உங்க தம்பி சாப்பிட்டாரா?'

"நீங்களா?"

"வேற யாரு உங்களைப் போய்ப் பாப்பாங்க?"

"அவ்வளவு கோபத்துலயுமா?"

"கோபம் இருந்தா பாக்கக் கூடாதா?"

"மிஸ்," என்றேன், கையெடுத்துக் கும்பிட்டு. "நீங்க கேள்வி கேட்டுக் கேட்டு நான் பாதி ஆளாயிட்டேன். ஒரே ஒரு கேள்வி கேக்கறேன். அதுக்கு மட்டும் கேள்வி கேக்காம சொல்லிடுங்க. எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. உங்களுக்கு என்னைப் பிடிச்சிருக்கா?"

அவள் நிமிர்ந்தாள். அந்தக் கண்கள்... மழை பெய்து ஓய்ந்த வானம், எந்தப் பக்கம் பார்த்தாலும் வெளிச்சம். உதடு திறந்தது. அதில் ஒரு 'ஏன்' உருண்டு வந்தது, என் கண்ணாலேயே பார்த்தேன். அதை விழுங்கினாள். அடுத்து ஒரு 'எதுக்கு'. அதையும் விழுங்கினாள்.

தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "மிஸ்! ஆமாவா இல்லையான்னு மட்டும் பதில் சொல்லுங்க!"

வக்கீல்தான். அவள் பின்னால் ஏழாம் வகுப்பு மொத்தமும்.

பூச்சி மிஸ் முகத்தைப் பொத்திக்கொண்டாள். விரலிடுக்கில் சிரித்தாள். அப்புறம் கையை எடுத்து, என் கண்ணைப் பார்த்து, நேராக...

"ஆமா," என்றாள்.