சிவப்பு தெரிந்தால் அசல்

அமாவாசையன்று பெரிய காஞ்சிபுரத்தில் தறி ஓடாது. அதனால்தான், மதியம் மூன்று மணி மழை இருட்டில் தறியடிப்பது போன்ற சத்தம் கேட்டதும் கௌசல்யா பக்கத்து வீட்டு ஜன்னலை எட்டிப் பார்த்தாள். தறிக்குழியில் யாரும் இல்லை. தறியில் ஏற்றிய பாவு நூலின் மேல் பழைய வேட்டி ஒன்றைப் போர்த்தியிருந்தார்கள். சத்தம் மட்டும் நிற்கவில்லை. தறியடிப்பைவிட மெதுவாக, ஓர் அடி, பிறகு நீண்ட இடைவெளி, பிறகு இன்னோர் அடி, நனைந்த மரத்தைப் பலபேர் சேர்ந்து இழுப்பதைப் போல, அவள் முதுகுக்குப் பின்னாலிருந்த பீரோவுக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.

கூடவே ஒரு வாடை. உப்பும் அழுகிய பாசியுமாக. காஞ்சிபுரத்தில் கடல் ஏது?

பீரோவில் இருந்தது அவளுடைய நாணயப் பெட்டி. கல்லூரியில் வேதியியல் படித்த காலம் முதல் ஒவ்வொன்றாகச் சேர்த்த பதினோரு ரோமானிய வெள்ளிக் காசுகள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமானியர்கள் தங்களுக்குள்ளேயே வெட்டிக்கொண்டபோது, ஆண்டனி என்ற தளபதி தன் வீரர்களுக்காக அச்சடித்தவை. ஒரு பக்கம் துடுப்புக் கப்பல், மறுபக்கம் படையின் கழுகுச் சின்னம். கடற்போர் முடியும் முன்பே அவன் அவர்களை விட்டுவிட்டுக் கப்பலில் ஓடிப்போனான். திரும்பி வருவான் என்று நம்பிக் கரையில் இருந்தவர்கள் நாள்கணக்கில் காத்திருந்தார்கள். கூச்சத்தை விட்டு அவள் தன் கணவன் யுவராஜிடம் முதன்முதலாக நீளமாகப் பேசியது இந்தக் கதையைத்தான்.

"இன்னும் காத்துக்கினு இருப்பானுங்க, லூசுப் பசங்க," என்று அவன் சிரித்தான்.

படமெடுக்க வேண்டும் என்று போன வாரம் இரண்டு நாள் பெட்டியை அவன்தான் வைத்திருந்தான். பிறகு, மாகறல் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு மறுநாளே வருவதாகச் சொல்லிக் கிளம்பினான். இன்றோடு ஆறு நாள். காலையில் மாமியார் தயாவதியே கூப்பிட்டு, பையன் ஏன் போனை எடுப்பதில்லை என்று இவளைக் கேட்டாள். அவன் அங்கே போகவே இல்லை.

அசலை எடுத்துக்கொண்டு போலியை வைத்துவிட்டானா? காலையிலிருந்து அந்தக் கேள்வியை அவள் விழுங்கிக்கொண்டே இருந்தாள்.

பீரோவைத் திறந்தாள். சத்தம் நின்றது.

காசுகள் ஈரமாக இருந்தன. ஒன்றைத் துடைத்து உள்ளங்கையில் வைத்தாள். உடம்புச் சூடு.

கௌசல்யாவுக்கு ஜரிகைப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஜரிகையை பிளேடால் சுரண்டினால் மேலே உள்ள வெள்ளி விலகி, உள்ளே சிவப்புப் பட்டிழை தெரியவேண்டும். சிவப்பு தெரிந்தால் அசல். யோசிக்காமலே கை செய்யும் வேலை அது. காசின் விளிம்பில் பிளேடை வைத்து இழுத்தாள்.

சிவப்பு தெரிந்தது.

அப்பாடா என்று மூச்சு வந்தது. அவன் ஏமாற்றவில்லை.

பிறகுதான் உறைத்தது. இது ஜரிகை இல்லை. காசுக்குள் சிவப்பு என்றால் செம்பு. மேலே வெறும் வெள்ளிப் பூச்சு. போலி.

அடுத்ததைச் சுரண்டினாள். சிவப்பு. அடுத்தது. சிவப்பு. பதினொன்றும். கடைசிக் காசில் பிளேடு வழுக்கி அவள் விரலில் ஆழமாக இறங்கியது. வலிக்கவில்லை.

போன் அடித்தது. யுவராஜ்.

"அசல் எங்கங்க?"

அந்தப் பக்கம் பஸ் இரைச்சல். "நான் எதையும் மாத்தலமா. அசல்தான் அது."

"உள்ள சிவப்பா இருக்குதே."

"பிளேடு வெச்சிட்டியா," என்றான். அது கேள்வி இல்லை. அவன் குரலில் நிம்மதி இருந்தது. "நானும் ஒண்ண சொரண்டினேன். அப்பலேந்து எங்க போனாலும் அந்தத் துடுப்புச் சத்தம் பின்னாலயே வந்துச்சி. உன்ன வூட்ல விட்டுட்டுக் கிளம்பினேன், வரல. காத்துக்கினு இருக்க அதுக்கு ஒருத்தர் போதும் போலக்குது, கௌசி. நீ இருக்கற இல்ல."

வைத்துவிட்டான்.

சுரண்டிய இடங்களில் சிவப்பு திரண்டது. சொட்டியது. பதினோரு காசுகளிலிருந்தும். கடல் வாடை போய்விட்டது. இப்போது ரத்த வாடை.

அவள் விரலிலிருந்து எதுவும் வரவில்லை. அழுத்தினாள். வரவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் காயத்தை நகத்தால் விரித்தாள். தோலுக்கடியில் சதை இல்லை, சிவப்பே இல்லை. வெளுப்பாக, ஈரமே இல்லாமல், ஏதோ மின்னியது.

பிளேடு இன்னும் மறு கையில்தான் இருந்தது.

சுரண்டினாள். விரல். புறங்கை. மணிக்கட்டு.

வெள்ளி. வெள்ளி. வெள்ளி.