கடல் பார்க்க நின்ற பழுது

ஆயுளில் ஒரு நாள், அன்றைய நிலவரப்படி நாற்பத்தொரு ரூபாய். பேரம் பேசத் தெரிந்தவர்களுக்கு முப்பத்தெட்டு.

மணப்பாட்டுக் கடலோர நடைபாதை தொடங்கும் இடத்தில் கடை வைத்திருந்த கோயில்பிச்சை அந்த விலைக்குத்தான் விற்றுக்கொண்டிருந்தான். விடிந்ததும் கதவைத் தூக்கினால் அறுபது நடையன்கள் வரிசையாக இறங்கும். இடுப்புக்கு மேலே ஒன்றும் கிடையாது. இரண்டு கால், ஒரு கொக்கி, அவ்வளவுதான். வாடிக்கையாளர்களின் நாடிவளைகளைக் கொக்கியில் கொத்தாக மாட்டிவிட்டால், ஒவ்வொன்றையும் மனிதக் கை போலவே வீசி, மனித நாடி போலவே துடித்துக் காட்டி, பத்தாயிரம் அடி நடந்து திரும்பும். பக்கத்தில் கடல் அடித்துக்கொண்டு கிடக்கும். பார்ப்பதற்குத்தான் தலை இல்லை.

ஊரில் பாதிப் பேருக்கு அப்போது வாடகை இதயம். சொந்த இதயங்கள் ஐம்பது வயதைத் தாண்டத் திணறியதால், நாடி வாரியம் உலோக இதயத்தைப் பொருத்திவிட்டு வாடகையைக் காலடியாக வாங்கிக்கொண்டது. கடற்காற்றில் பத்தாயிரம் அடி நடந்தால் மறுநாளுக்குத் துடிப்பு உண்டு. நடந்ததை மணிக்கட்டில் கிடக்கும் வளை வாரியத்துக்குச் சொல்லிவிடும். நல்ல எண்ணத்தில் போட்ட சட்டம்தான். ஆனால் வளையைக் கழற்ற முடியும் என்பதை ஜனங்கள் முதல் வாரமே கண்டுபிடித்தார்கள். இரண்டாம் வாரம் கோயில்பிச்சை கடை திறந்துவிட்டான். பதினொரு ஆண்டாயிற்று. அந்தப் பாதையில் மனிதக் கால் பட்டும் அத்தனை காலம் ஆயிற்று.

அன்று காலை ஜவுளிக்கடை துரைப்பாண்டி ஐந்து வளைகளோடு வந்தான்.

"அண்ணாச்சி, அஞ்சுக்கும் சேத்து ஒரு விலை போடுங்க. எங்க அம்மைக்கு எம்பது வயசு. அவளுக்காவது பாதி விலை போடலாம்லா?"

"எம்பது வயசுல பத்தாயிரம் நடக்கணும்னா கூடுதலால்லாவே கேக்கணும்!"

முப்பத்தொன்பதில் முடிந்தது. வளைகளை மாட்டிக்கொண்டே துரைப்பாண்டி குரலைத் தாழ்த்தினான்.

"விசயம் தெரியுமா? இன்னைக்குச் சோதனையாம். மனுச நடைக்குன்னு வாரியம் ஒரு அச்சு வச்சிருக்காம். அதோட ஒத்துவராத வளையெல்லாம் மோசடின்னு எழுதி, இதயத்தை அரைத் துடிப்புக்கு எறக்கிருவானாம்."

"பொறவு நீரு எதுக்கு மாட்டுதீரு?"

"நடந்து சாவுததுக்கு மாட்டிட்டுச் சாவலாம் அண்ணாச்சி."

கோயில்பிச்சைக்கு இன்னும் சொந்த இதயம்தான். அது தடதடவென்று அடித்தது. ஏழாம் எண் நடையனில் தொங்குவது அவன் மனைவி ரஞ்சிதத்தின் வளை.

தராசு பிடித்தே வளர்ந்த குடும்பம் அவனுடையது. முத்திரை பார்க்க ஆள் வருகிற நாளில் அசல் எடைக்கல்லை எடுத்து முன்னால் வைப்பது அவர்கள் ரத்தத்தில் ஊறியது. ஏழாம் எண்ணை நிறுத்தி வளையை உருவி, கடைக்குள் இருந்தவள் கையில் மாட்டினான்.

"ஏட்டி ரஞ்சிதம், இன்னைக்கு ஒரு நாள் நீயே நடந்துரு."

"பதினோரு வருசமா ஏழாம் நம்பரு நடந்து நான் இளைச்சிட்டேனாக்கும்? இப்ப என்ன திடீர்னு?"

"அது ஒன் காலு. ஒன் காலைப் போலின்னு எவன் சொல்லுவான்?"

தண்ணீர்ப் புட்டியோடு அவனும் பின்னால் போனான். முதல் வளைவிலேயே அவள் நின்றுவிட்டாள்.

"ஏங்க, இந்தக் கடலு இவ்வளவு பக்கத்துலயா கெடந்துச்சு? கடையில இருந்து பாத்தா நீலச் செவரு மாதிரில்லா இருக்கும்."

"கடலு எங்கயும் ஓடிப் போவாது. நட."

நடந்தாள். கிளிஞ்சல் பொறுக்க நின்றாள். தூரத்துக் கப்பல் நகர்கிறதா என்று பார்க்க நின்றாள். அவனைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்க நின்றாள். ஒன்பதாம் முறை மணற்குன்றின் உச்சியில் நின்றபோது வளை சிவந்தது.

'இது மனித நடை அல்ல. இதயம் அரைத் துடிப்புக்கு மாற்றப்படுகிறது.'

அவள் மணலில் உட்கார்ந்தாள். பிறகு சாய்ந்தாள். விழுந்த அதிர்வை உணர்ந்து, வாரியத்தின் பறக்கும் பொறியான காப்புத்தும்பி ஒன்று ரீங்காரத்தோடு வந்து தலைக்கு மேலே நின்றது.

"மனுசிய்யா இது! பாரு, வேர்க்குது, பேசுதா!" என்று கத்தினான் கோயில்பிச்சை.

"அடிகள் சீராக இல்லை. காரணமின்றி ஒன்பது முறை நின்றிருக்கிறது," என்றது தும்பி பணிவாக.

"காரணமில்லாமலா? கடலைப் பாக்க நின்னா!"

"பதினொரு ஆண்டுப் பதிவில் எந்த மனிதரும் இங்கே கடலைப் பார்க்க நின்றதில்லை. பழுதான பொறியை அகற்ற வண்டி வருகிறது."

அந்த அச்சு எதைப் பார்த்து வார்த்தது என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அறுபது நடையன்களையும் தினமும் சீர் பார்த்து முடுக்கி அனுப்பிய கை அவனுடையது.

துரைப்பாண்டி குடும்பத்தைச் சுமந்துகொண்டு ஒரு நடையன் குன்றேறி வந்தது. கோயில்பிச்சை அவள் வளையை உருவி அதன் கொக்கியில் மாட்டினான்.

"மறுபடி சோதி! இப்ப சோதி!"

"உறுதிசெய்ய ஆயிரம் அடி தேவை," என்றது தும்பி.

நடையன் சரிவில் இறங்கியது. "வேகமாப் போ! ஓடுல மூதி!" என்று அதன் பின்னால் அலறினான். அது சீராகவே போயிற்று. என்ன ஆனாலும் வேகம் மாறாதபடி முடுக்கியிருந்ததும் அவன்தான்.

"என்னய விட்டுட்டுப் போயிராதிய," என்றாள் ரஞ்சிதம். அவன் அவள் மார்பில் கை வைத்துக்கொண்டு குனிந்திருந்தான். அரைத் துடிப்பு. அடுத்தது வர வெகுநேரம் ஆயிற்று. உதடு நீலம் பாரித்தது. மூச்சு நின்றது. கீழே நடையன் இன்னும் நடந்துகொண்டிருந்தது.

"மனித நடை உறுதி," என்றது தும்பி. "சிரமத்துக்கு வருந்துகிறோம். முழுத் துடிப்பு வழங்கப்படுகிறது."

அவன் உள்ளங்கைக்கு அடியில் இதயம் புதிதுபோல அடிக்கத் தொடங்கியது. அவள் எழவில்லை. கண் கடல் பக்கம் திறந்தபடி இருந்தது.

பழைய இரும்பு அள்ளும் வண்டி வந்தது. ஏற்றுகிற இயந்திரக் கை அவளைத் தூக்கப் போனபோது கோயில்பிச்சை குறுக்கே விழுந்தான்.

"அகற்ற உத்தரவாகிவிட்டது. உரிமையாளர் திரும்பப் பெற அறுநூறு ரூபாய்," என்றது வண்டி.

வாழ்நாளில் முதல் முறையாக, சொன்ன விலையை அப்படியே கொடுத்தான்.

மாலையில் அந்த நடையன் பத்தாயிரம் அடியும் முடித்துக் கடை வாசலில் வந்து நின்றது. கொக்கியில் பச்சையாக மின்னிய வளையில் அன்றைய கணக்கு ஓடியது.

'ரஞ்சிதம். காலடி பத்தாயிரம், வரவு. வீணாக நின்றது, இல்லை. ஆயுள் ஒரு நாள், வரவு. பழுதான பொறி ஒன்று, மீட்புத் தொகை அறுநூறு, செலுத்தப்பட்டது. பாக்கி ஏதுமில்லை.'